சூடேறிய பொள்கோளத்தின் அதிர்வைக் கணக்கிட ஒக்டேவ் போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாக வாசிப்பவர்கள் இதோடு போகலாம். உள்ளே வெறுமையான உலோகக் கோளம் ஒன்று சூட்டோடு சேர்ந்து எப்படி அதிரும் என்று கணக்கிட வேண்டும், கையில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி, மென்பொருளுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் ஒக்டேவ் என்ற இலவசக் கணிப்பு மென்பொருள் போதும். தாராளமாகப் போதும். ஆனால் சில இடங்களில் அது எந்த எச்சரிக்கையும் தராமல் பிழையான விடையைத் தந்துவிட்டு நிற்கும். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு பாவிக்க வேண்டும். தமிழில் இதைப் பற்றி விவரமாக எழுதிய ஒன்று என் கண்ணில் படவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன், மிச்ச நேரத்தில் வெப்ப மீள்தன்மையில் பட்டப்பின் ஆய்வு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளும், வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களும் இறுதியாண்டு ஆய்வுக்கு எந்த மென்பொருளை எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பலருடைய கணினியில் இருப்பது யாரோ பென் டிரைவில் கொடுத்த, பூட்டு உடைத்த மட்லப், காசு கொடுத்து வாங்க வேண்டிய கணிப்பு மென்பொருள் அது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிரதியோடு என்னென்ன வைரஸ் சேர்ந்து வந்தது என்று யாருக்குமே தெரியாது. அதை விட முக்கியமாக, 'இந்த மென்பொருளில்தான் கணக்கிட்டேன், நீங்களும் ஓட்டிச் சரிபாருங்கள்' என்று ஆய்வேட்டில் நேர்மையாக எழுத முடியாது. ஒக்டேவில் அந்தப் பிரச்சினை கிடையாது. நீங்கள் எழுதிய நிரலை யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஓட்டலாம், சென்னையில் இருப்பவரும் ஓட்டலாம், ஒரு சதம் செலவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒக்டேவ் என்பது எண்சார் கணிப்புக்கான சுதந்திர மென்பொருள். இரசாயனத் தாக்கிகளை வடிவமைக்கும் பாடநூல் ஒன்றுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 1988 வாக்கில் தோன்றிய யோசனை அது. ஜோன் ஈட்டன் 1992 இல் முழுநேரமாக எழுதத் தொடங்கி 1994 இல் முதலாம் பதிப்பை வெளியிட்டார். மட்லப்பின் மொழியோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். 2015 இல் வந்த நான்காம் பதிப்போடு சாளரம், பட்டியல் எல்லாம் உள்ள முகப்பும் சேர்ந்துவிட்டது, ஆகவே கறுப்புத் திரையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பதிவிறக்கம் சில நூறு மெகாபைட். ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு இணையம் வேண்டாம், உதவிக் கையேடும் உள்ளேயே இருக்கும். டேட்டா முடிந்த மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பொள்கோளத்தின் அதிர்வு பழைய விஷயம். திண்மக் கோளத்தின் ஆரைத் திசை அதிர்வைப் புவாசோன் 1829 இலேயே எடுத்துக்கொண்டார், ஹொரஸ் லாம் 1882 இல் கோளத்தின் அதிர்வுகளை முழுமையாக வகைப்படுத்தினார். வெப்பத்தையும் மீள்தன்மையையும் சேர்த்து எழுதும் சமன்பாடுகளுக்கு 1837 இல் டுஹமெல் வழி திறந்தார், 1956 இல் பியோ அவற்றை வெப்ப இயக்கவியலின் அடிப்படையில் ஒழுங்காக இணைத்து வைத்தார். சாரம் இதுதான்: உலோகம் நெருக்கப்படும்போது கொஞ்சம் சூடாகும், விரியும்போது கொஞ்சம் குளிரும். அந்தச் சூடு பரவிப் போகும். போகும்போது அதிர்வின் சக்தியில் ஒரு பங்கையும் கொண்டு போகும். ஆகவே இடப்பெயர்ச்சிக்கு ஒரு சமன்பாடு, வெப்பநிலைக்கு ஒரு சமன்பாடு, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும்.

இங்கே பிள்ளைகள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புவதைப் பார்க்கிறேன். துறைமுகப் பக்கம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் இரும்பு மிதவை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் மத்தியானம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அப்போது உருக்கின் யங்கின் மட்டு (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) சற்றுக் குறையும், பாகை ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, அதன் வர்க்கமூலத்தோடு போவதால் மட்டு நூற்றுக்கு ஒன்று இறங்கினால் மீடிறன் நூற்றுக்கு அரை இறங்கும். கோளம் விரிவதால் வரும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு சிறியது. இது சூழலின் சூட்டால் வரும் மாற்றம். அதிர்வு தானே உண்டாக்குகிற, பாகையின் சிறு பின்னமாக உள்ள சூட்டுத் துடிப்பு வேறு விஷயம். முதலாவதற்குப் பொருளின் பெறுமானத்தை மாற்றினால் போதும், இரண்டாவதற்குத்தான் இணைந்த சமன்பாடு வேண்டும். உங்கள் ஆய்வில் எது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒக்டேவில் நான் யாருக்கும் முதலில் கொடுக்கும் பயிற்சி வெப்பத்தை ஒதுக்கிவிட்ட, ஆரைத் திசை மட்டும் உள்ள அதிர்வு. கோளம் முழுவதும் மூச்சு விடுவது போல ஒன்றாகப் பெருத்துச் சுருங்கும் வகை. தீர்வு முதலாம் வரிசைக் கோளப் பெசல் சார்புகள் (கோளத்துக்குள் அலை போகும் விதத்தைக் காட்டும் சார்புகள்) இரண்டின் கூட்டு. உள் மேற்பரப்பிலும் வெளி மேற்பரப்பிலும் ஆரைத் தகைப்பு (பரப்பளவு அலகொன்றில் உள்ள உள்விசை) பூச்சியம் என்று போட்டால் இரண்டுக்கு இரண்டு தாயம் ஒன்றும் அதன் துணிகோவையும் வரும், துணிகோவை பூச்சியமாகும் இடமெல்லாம், அதாவது அதன் மூலமெல்லாம், கோளம் தானாக அதிரும் இயல்பு மீடிறன். ஒக்டேவில் கோளப் பெசலுக்கென்று தனிக் கட்டளை இல்லை. அரை வரிசைப் பெசலை எடுத்து வர்க்கமூலக் காரணியால் பெருக்கிக்கொள்ள வேண்டும், அல்லது முதலாம் வரிசைதானே என்று சைன், கோசைனில் நேரடியாக எழுதிவிடலாம். நான் இரண்டாவதையே செய்யச் சொல்கிறேன். உயர்தரம் படித்த எவருக்கும் அது விளங்கும், பிழை பிடிக்கவும் சுகம்.

சரிபார்க்க ஒரு கைக்கணக்கு இருக்கிறது. தடிப்புக் குறைந்த கோளத்தில் மூச்சு வகையின் கோண மீடிறனின் வர்க்கம், யங்கின் மட்டின் இரண்டு மடங்கை அடர்த்தி, ஆரையின் வர்க்கம், ஒன்றிலிருந்து புவாசோன் விகிதத்தை (இழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) கழித்தது ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தது. இந்தக் கோவையில் தடிப்பே இல்லை, கவனித்தீர்களா? உருக்குக்கு மட்டு 200 கிகாபஸ்கால், புவாசோன் விகிதம் 0.3, அடர்த்தி கனமீற்றருக்கு 7850 கிலோகிராம் என்று போட்டு, சராசரி ஆரை 10 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் ஏறக்குறைய 13.6 கிலோஹேர்ட்ஸ் வரும். உள் ஆரை 9.5, வெளி ஆரை 10.5 என்று வைத்து ஒக்டேவில் துணிகோவையைத் தீர்த்தால் இதற்கு நூற்றில் ஒரு பங்கு கூட விலகாமல் முதல் மூலம் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் தகைப்புக் கோவையில் எங்கோ குறி மாறிவிட்டது, மேலே போகாதீர்கள்.

அடுத்த மூலம் சட்டென்று 293 கிலோஹேர்ட்ஸ் பக்கம் பாயும். அது தடிப்புக்குள்ளேயே அலை போய் வரும் வகை. உருக்கில் நெட்டலையின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 5860 மீற்றர், அதைத் தடிப்பான 1 சென்ரிமீற்றரின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூலங்களுக்கு நடுவே இவ்வளவு வெட்டவெளி இருப்பதால் மூலம் தேடும் 'எஃப்சீரோ' கட்டளைக்கு எல்லை கொடுப்பது லேசு. அந்தக் கட்டளை குறி மாறும் இடத்தை மட்டும்தான் தேடும் என்பதை மறக்க வேண்டாம். ஆரை தவிர்ந்த திசைகளையும் சேர்க்கும்போது மூலங்கள் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், அங்கே குறி இரண்டு தடவை மாறிப் பழையபடி ஆகிவிடும், இரண்டு மீடிறன்களும் உங்கள் அட்டவணையில் இல்லாமலே போகும். அதற்குத் துணிகோவையை விட்டுவிட்டுத் தாயத்தின் மிகச் சிறிய தனிப் பெறுமானத்தை (துணிகோவை பூச்சியமாகும் இடத்தில் தானும் பூச்சியமாகும் எண்) வரைந்து பார்ப்பதே நல்லது. 'எஸ்விடி' என்று ஒரு சொல், வேலை முடிந்தது. எங்கே வளைவு அடி தட்டுகிறதோ அங்கே மூலம்.

இனி வெப்பம். ஆரை அதிர்வோடு வெப்பத்தைச் சேர்த்தால் துணிகோவை நான்குக்கு நான்கு ஆகும், எல்லாத் திசையும் சேர்ந்த பொது வகைக்கு ஆறுக்கு ஆறு. மீடிறன் சிக்கலெண் ஆகிவிடும்: மெய்ப்பகுதி அதிர்வு, கற்பனைப் பகுதி தணிப்பு, அதாவது அதிர்வு தேய்ந்து போகும் வேகம். வெப்பமும் மீள்தன்மையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் பரிமாணமற்ற (அலகு இல்லாத) இணைப்பு எண் ஒன்று உண்டு. சாதாரண அறை வெப்பநிலையில், கைநூல்களில் உள்ள பெறுமானங்களைப் போட்டால் உருக்குக்கு 0.011, அலுமினியத்துக்கு 0.027 அளவில் வரும். வெப்பம் பரவ நேரமே இல்லாத வேகமான அதிர்வில் தடிப்பு வகையின் மீடிறன் இதில் பாதி விகிதத்தால் கூடும், அதாவது உருக்கில் நூற்றுக்கு அரை சொச்சம், அலுமினியத்தில் நூற்றுக்கு ஒன்றே கால் சொச்சம். சிறிய எண்தான். ஆனால் மீடிறனைத் துல்லியமாக அளந்து பொருளின் மீள்தன்மையைத் திரும்பக் கண்டுபிடிக்கும் வேலையில் இந்த அரை வீதத்தை விட்டால் விடை பிழை.

இந்த இடத்தில்தான் ஒக்டேவ் பலரை விழுத்துகிறது. ஒரு மாணவி தன் நிரலோடு வந்தார். "சேர், எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறன், ஆனா விடை முழுக்க 'எண் அல்ல' எண்டு வருது." நிரலில் ஒரு பிழையும் இல்லை. பிரச்சினை வெப்ப அலையின் அலை எண். உருக்கில் 13.6 கிலோஹேர்ட்ஸில் வெப்பம் ஒரு துடிப்புக்குள் ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 18 பங்கு மட்டுமே. அப்படியென்றால் 10 சென்ரிமீற்றர் ஆரையில் பெசல் சார்புக்குள் போகும் எண்ணின் கற்பனைப் பகுதி 5500 ஐத் தாண்டும், சார்பின் பெறுமானம் இயற்கை மடக்கை அடியின் 5500 ஆம் அடுக்கு அளவில் ஊதும். கணினியின் இரட்டைத் துல்லிய எண் 709 ஆம் அடுக்கோடு நிறைந்துவிடும். முதலில் முடிவிலி, பிறகு முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்து 'எண் அல்ல'. அவ்வளவுதான் நடந்தது.

மருந்து ஒக்டேவுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் எனக்கு மிகவும் பிடித்த மருந்து. பெசல் கட்டளைகளுக்கு மூன்றாவதாக ஓர் உள்ளீடு கொடுக்கலாம் (பெசலின் இன்னொரு வடிவமான ஹங்கெல் சார்புக்கு நான்காவதாக). அங்கே ஒன்று என்று போட்டால் அந்த ஊதும் அடுக்குக் காரணியை நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் தரும். முதலாம் வகை, இரண்டாம் வகைப் பெசலுக்குப் பதிலாக ஹங்கெல் சார்புகள் இரண்டையும் எடுங்கள். ஒன்று உள் மேற்பரப்பிலிருந்து வெளியே போகப் போகத் தேயும், மற்றது வெளி மேற்பரப்பிலிருந்து உள்ளே வர வரத் தேயும். ஒவ்வொன்றையும் அதன் சொந்த மேற்பரப்பில் அலகு அளவுக்குக் கொண்டுவந்து தாயத்தில் போடுங்கள். தாயத்தின் செங்குத்து நிரல்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும், தீர்வு அமைதியாக வரும். அந்த மாணவியின் நிரலில் மாற்றியது நாலைந்து வரிதான். கையேட்டில் இந்த உள்ளீட்டைப் பற்றி ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் எப்போது கட்டாயம் தேவை என்று சொல்வதில்லை. இதே கட்டளையின் விளக்கத்தில் ஓர் உதாரணம் வைத்திருந்தால் எத்தனை பேருக்கு உதவும்!

தேடும் கட்டளையிலும் ஒரு பொறி. சிக்கலெண் மூலத்தைக் கண்டுபிடிக்க 'எஃப்சோல்வ்' எடுக்க வேண்டும், சிக்கலெண் சமன்பாடு என்ற தெரிவை அதில் தட்டிவிட வேண்டும். தொடக்கப் பெறுமானமாக வெப்பம் இல்லாத மீடிறனைக் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு எட்டில் வந்துவிடும். ஆனால் எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம் என்று சொல்லும் சகிப்பு எல்லை! மேற்பரப்புகளின் வெப்பநிலை மாறாமல் பிடிக்கப்பட்ட அந்த 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கோளத்தின் மூச்சு வகையில் தணிப்பு, மீடிறனின் இலட்சத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். கட்டளை இயல்பாக வைத்திருக்கும் எல்லையோடு ஓட்டினால் திரையில் அழகான கற்பனைப் பகுதி ஒன்று தெரியும், அதில் எத்தனை இலக்கம் உண்மை என்று சொல்ல முடியாது. எல்லையை இறுக்குங்கள், நீளத்தை வெளி ஆரையாலும் நேரத்தை அலை கடக்கும் நேரத்தாலும் வகுத்துப் பரிமாணமற்றதாக்கிய பிறகு ஓட்டுங்கள், தொடக்கப் பெறுமானத்தை மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். கற்பனைப் பகுதியின் குறி அதிர்வு காலத்தோடு வளர்வதாகக் காட்டினால் அந்த விடையைத் தூக்கி எறியுங்கள், வெப்பம் வெளியே ஓடும் கோளம் தானாகச் சத்தம் கூட்டாது.

தணிப்பு எப்போது உச்சம் என்பதும் சுவையான கேள்வி. வெப்பம் தடிப்பைக் கடக்க எடுக்கும் நேரமும் அதிர்வின் நேரமும் ஒன்றுக்கொன்று நெருங்கும்போதுதான். உலோகக் கீற்றுகளின் வளைவதிர்வுக்குக் கிளாரன்ஸ் சீனர் என்ற இயற்பியலாளர் 1937 இல் காட்டியது இதே கருத்து. நம் உருக்குக் கோளத்துக்கு அந்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் நாலு பங்கு அளவில் வருகிறது, கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் தடிப்பு. தடித்தால் வெப்பத்துக்கு நேரம் போதாது, இன்னும் மெலிந்தால் வெப்பம் உடனுக்குடன் சமப்பட்டுவிடும், இரண்டு பக்கமும் தணிப்பு விழும். இந்த வளைவை ஒக்டேவில் தடிப்பை மாற்றி மாற்றி வரைந்து பாருங்கள். பாடநூலில் வாசித்ததை விட நூறு மடங்கு மனதில் நிற்கும்.

பெசல் வழி பிடிக்காதவர்களுக்கு, அல்லது கோளத்தின் உட்பக்கம் சூடாகவும் வெளிப்பக்கம் குளிராகவும் இருந்து பொருளின் பண்பே ஆரையோடு மாறுகிறது என்றால், பெசல் சார்பு பொதுவாகக் கைகொடுக்காது. அப்போது தடிப்பைப் புள்ளிகளாகப் பிரித்து, இடப்பெயர்ச்சி, வேகம், வெப்பநிலை மூன்றையும் ஒரே செங்குத்து நிரலில் அடுக்கி, ஐகன் பெறுமானப் பிரச்சினையாக (தாயத்தின் இயல்பு எண்களைத் தேடும் கணக்காக) மாற்றிவிட வேண்டும். ஒக்டேவின் 'ஐக்' கட்டளை இதற்கு அருமையான ஆள். செபிஷேவ் புள்ளிகளை எடுங்கள், அவை இரு ஓரங்களிலும் நெருங்கிக் கிடக்கும், மெல்லிய வெப்பப் படையும் ஓரத்தில்தான் இருக்கிறது. 1 சென்ரிமீற்றர் தடிப்பில் 60 புள்ளி வைத்தாலே ஓரத்தில் இடைவெளி மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழு பங்குக்கு வந்துவிடும், 18 பங்கு ஆழத்தைப் பிடிக்க அது ஓரளவு போதும். சம இடைவெளியில் அதே நெருக்கம் வேண்டுமென்றால் ஆயிரத்துக்கு மேல் புள்ளி தேவை, தாயம் பெருத்து, பழைய கணினி மூச்சுத் திணறும். 60 புள்ளிக்கு விடை கண் மூடித் திறப்பதற்குள் வரும்.

நிரல் சரியா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த வழி முறுக்கு வகைகள். கோளத்தின் அடுக்குகள் ஆரைத் திசையில் நகராமல் பக்கவாட்டில் மட்டும் முறுகும் அதிர்வு அது. அதில் கனவளவு மாறுவதே இல்லை, கனவளவு மாறாவிட்டால் சூடும் பிறக்காது. ஆகவே இணைப்பு எண்ணை எவ்வளவு கூட்டினாலும் முறுக்கு மீடிறன் அசையக் கூடாது. உங்கள் பொது நிரலில் அது ஓர் இலக்கம் அசைந்தாலும் பிழை இருக்கிறது. மெல்லிய உருக்குக் கோளத்தில், 10 சென்ரிமீற்றர் ஆரைக்கு, இரண்டாம் வரிசை முறுக்கு வகை ஏறக்குறைய 9.96 கிலோஹேர்ட்ஸ். முதலாம் வரிசை பூச்சியம், ஏனென்றால் அது கோளம் முழுதாகச் சுழல்வது.

இந்தச் சோதனையை நாங்கள் வாழும் பூமியிலேயே செய்து பார்க்கலாம். பூமியின் வெளிக் கருவம் திரவம், திரவம் முறுக்கைத் தாங்காது. ஆகவே முறுக்கு அதிர்வைப் பொறுத்தவரை கருவத்துக்கு வெளியே உள்ள பகுதி அசல் பொள்கோளம், உள் ஆரை 3480 கிலோமீற்றர், வெளி ஆரை 6371. குறுக்கலை வேகத்தைச் செக்கனுக்கு 6 கிலோமீற்றர் என்று ஒரே பெறுமானமாக, மிக முரட்டுத்தனமாக எடுத்து ஓட்டினாலே இரண்டாம் வரிசை முறுக்கின் ஆவர்த்தன காலம் 46 நிமிடம் அளவில் வரும். நிலநடுக்கப் பதிவுகளில் அளந்தது ஏறக்குறைய 44 நிமிடம். மடிக்கணினியில் பத்துப் பதினைந்து வரியில் பூமியை இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதை நான் சும்மா கடந்து போக மாட்டேன். 2004 டிசம்பர் 26 ஐப் பற்றி எங்கள் ஊர்க்காரருக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்தச் சுமாத்திரா நிலநடுக்கத்தில் பூமி முழுவதுமே இப்படி அதிர்ந்தது. அதன் மூச்சு வகை, 20.5 நிமிடத்துக்கு ஒரு தடவை, மாதக்கணக்கில் கருவிகளில் தெரிந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், கணிதம் யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறது என்று விளங்கப்படுத்த வேண்டியதே இல்லை.

மென்பொருளுக்கு வெளியே ஒரு விஷயம், ஆனால் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்குத் தேவை. பியோவின் கோட்பாட்டில் சூடு முடிவிலி வேகத்தில் பரவும். அதைத் திருத்த 1967 இல் லோர்ட், ஷுல்மன் இருவரும் ஒரு தளர்வு நேரத்தை (சூடு நகரத் தொடங்க எடுக்கும் சிறு தாமதம்) சேர்த்தார்கள், 1972 இல் கிரீன், லின்ட்சே இருவரும் இன்னொரு வழி காட்டினார்கள். கோட்பாடாக அழகு. ஒக்டேவில் லோர்ட், ஷுல்மன் வழியைச் சேர்ப்பதும் லேசு, வெப்பச் சமன்பாட்டில் ஒரு காரணியைப் பெருக்கினால் போதும். ஆனால் உலோகங்களில் அந்தத் தளர்வு நேரம் பிக்கோசெக்கன் அளவில். 13.6 கிலோஹேர்ட்ஸில் அது கொண்டுவரும் மாற்றம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வுக் கட்டுரைகளில் பரிமாணமற்ற தளர்வு நேரத்தைப் பெரிதாக வைத்து வளைவுகள் பிரிந்து போவதைக் காட்டுவார்கள், அந்த எண்ணை மீற்றருக்கும் செக்கனுக்கும் திருப்பிப் பார்த்தால் கோளம் நானோமீற்றர் அளவில் இருக்கும். அது பிழையல்ல, ஆனால் எந்த அளவுக் கோளத்துக்கு என்று சொல்லாமல் விடுவது சரியில்லை. உங்கள் நிரலின் தொடக்கத்திலேயே உண்மையான அலகுகளில் பெறுமானங்களை எழுதி, அங்கிருந்து பரிமாணமற்றதாக்குங்கள். அப்போது இந்தக் கேள்விக்கு விடை தானாகவே கண்முன் நிற்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுற்று வரும் கட்டளைகளில் ஒக்டேவ் மட்லப்பை விட மெதுவானது, பல ஆயிரம் மீடிறன்களை ஒவ்வொன்றாகச் சுற்றில் போட்டு நடந்தால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். வரிசை முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்தால் அந்தக் கஷ்டம் பெருமளவு போகும், பெசல் கட்டளைகள் வரிசைகளை நேரடியாக ஏற்கும். இரட்டைத் துல்லியத்துக்கு மேல் வேண்டுமென்றால் குறியீட்டுப் பொதியைச் சேர்க்க வேண்டும், அது உள்ளுக்குள் பைதன் என்ற நிரல் மொழியின் சிம்பைப் பொதியை அழைப்பதால் பைதனும் நிறுவியிருக்க வேண்டும், புதியவர்களுக்கு அது கொஞ்சம் தலையிடி. வரைபடங்கள் திருப்தியானவை, ஆனால் அச்சுப் பெயர்களைத் தமிழில் போட்டால் எழுத்துரு சரியாக வந்திருக்கிறதா என்று கோப்பாகச் சேமித்துப் பார்த்துவிட்டே ஆய்வேட்டில் ஒட்டுங்கள்.

பைதன் ஏற்கெனவே கை வந்தவர்கள் ஒக்டேவுக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை. அதன் சைப்பைப் பொதியில் கோளப் பெசல் கட்டளையே இருக்கிறது, எம்பிமாத் என்ற பொதியில் எத்தனை இலக்கத் துல்லியம் வேண்டுமென்றாலும் கேட்கலாம். நிரல் எழுதியே பழக்கமில்லாமல், தாயமும் துணிகோவையும் மட்டும் தெரிந்து வருகிற கணித மாணவருக்கு ஒக்டேவ்தான் குறுக்கு வழி: நோட்டுப் புத்தகத்தில் எழுதும் வரிசையிலேயே அதில் எழுதலாம். கணினியில் நிறுவ முடியாதவர்கள் உலாவியிலேயே ஓட்டும் ஒக்டேவ் ஒன்லைனில் சிறிய கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

கோளத்தில் துளை இருக்கிறது, ஒட்டுவேலைத் தையல் இருக்கிறது, காலில் நிற்கிறது என்றால் மேலே சொன்ன எதுவும் நேரடியாகப் பொருந்தாது. அந்த மிதவைக்குக் கூட அடியில் சங்கிலி வளையம் இருக்கும். அப்படியான வடிவத்தை ஒக்டேவில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், வடிவத்தைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு மூலக முறைக்குப் போங்கள். கல்குலிக்ஸ், ஃபெனிக்ஸ் இரண்டும் இலவசமே. ஆனால் அங்கே போக முன்னர் துளையில்லாத கோளத்தை ஒக்டேவில் தீர்த்து அந்த 13.6 ஐயும் 9.96 ஐயும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், புதிய மென்பொருளில் வலையைப் பின்னியதும் முதலில் ஓட்ட வேண்டிய சோதனை அதுதான்.